அட்வகசி: வக்காலத்தா, சிபாரிசா, பரிந்து பேசுவதா?

அட்வகேட் நமக்குப் பழகிய சொல். கறுப்புக் கோட்டு, வீட்டு வாசலில் பெயர்ப்பலகை, வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய முத்திரை எல்லாம் உடனே நினைவுக்கு வந்துவிடும். அதன் உடன்பிறப்பான அட்வகசி, அதாவது ஒருவருக்காகவோ ஒரு துறைக்காகவோ எடுத்துப் பேசுவது, அப்படி இல்லை. தமிழில் அதற்கு இன்னும் ஒரு நிலையான பெயர் கிடைக்கவில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுதுவதைப் படித்தால் இந்தச் சொல் வராத பக்கம் குறைவு. கண், தோல், கதிரியக்கம், மயக்கவியல் என்று எந்தச் சிறப்புத் துறையை எடுத்தாலும் வேண்டுகோள் ஒன்றுதான்: நம் துறையின் நாளைய நிலையைக் காக்க அட்வகசிக்குத் துணை நில்லுங்கள். இதைத் தமிழாக்க உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. 'ஆதரவு' என்று போட்டால் பாதிதான் வருகிறது. 'பிரசாரம்' என்றால் தேர்தல் மேடை வந்து நிற்கிறது. 'வாதாடல்' என்றால் மறுபடியும் கறுப்புக் கோட்டு.

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'அட்' என்றால் ஒன்றை நோக்கி. 'வொக்காரே' என்றால் அழைத்தல். இரண்டும் சேர்ந்த 'அட்வொகாத்துஸ்', துணைக்கு அழைக்கப்பட்டவர். பழைய ரோமில் வழக்கில் சிக்கிய ஒருவர் தமக்கு வேண்டியவரை அழைப்பார். அவர் வந்து பக்கத்தில் நிற்பார். ஆக, அட்வகசியின் நடுவில் இருப்பது பேச்சுத் திறமை இல்லை. ஒருவர் கூப்பிட, இன்னொருவர் போய் நிற்பது.

நம்மிடம் இதற்கு இணையாக ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: வக்காலத்து. வக்கீலும் வக்காலத்தும் அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக நீதிமன்றங்களுக்கு வந்தவை. பொருள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வீட்டில் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? "அவனுக்கு நீ வக்காலத்து வாங்காதே" என்கிறோம். தப்பு செய்தவனுக்காகப் பேசுவது என்ற வாடை அதில் ஏறிவிட்டது. சிபாரிசும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான். அதன் கதை இன்னும் மோசம். வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் கடிதம் வாங்கி வாங்கி, தகுதி இல்லாதவன் பிடிக்கும் கயிறாகவே அது ஆகிவிட்டது.

மீதி இருப்பது பரிந்து பேசுதல். பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல், ஒருவர் பக்கம் சாய்தல். அப்பா திட்டும்போது அம்மா குறுக்கே வந்தால், "பிள்ளைக்குப் பரிஞ்சு பேசாதே" என்பார். குறள் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது 'பரிந்தோம்பிக் காக்க' என்கிறது. வருந்தியும் பேணிக் காக்க வேண்டும் என்று அதற்கு உரை. அக்கறை, உழைப்பு, காப்பு மூன்றும் ஒரே தொடரில் வந்துவிடுகின்றன. ஒரு துறையைக் காக்கப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. இதே வேரில் பிறந்த 'பரிந்துரை' இன்று குழுக்களின் அறிக்கையிலும் மருந்துச் சீட்டிலும் வேறு வேலைக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப இழுத்துவர முடியாது. 'பரிந்துபேசல்' இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சரி, அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் எதற்காகப் பரிந்து பேசுகிறார்கள்? 1905-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 9 மருத்துவர்கள் தொடங்கிய சிறு சங்கம்தான் இன்றைய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கமாக வளர்ந்தது. அவர்களுக்குப் பல ஆண்டுகளாக இரண்டு கவலைகள். முதலாவது கட்டணம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மயக்கவியல் சேவைக்குத் தனியார் காப்பீடுகளைவிடச் சராசரியாக 67 சதவீதம் குறைவாகத் தருகிறது என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2007-ல் சொன்னது. மற்ற மருத்துவர்களின் கட்டணத்தைக் கணக்கிட, சேவைக்குரிய மதிப்புப் புள்ளியோடு மெடிகேர் பெருக்கும் தொகையும் 2001-ல் 38.26 டாலராக இருந்து 2025-ல் 32.35 டாலராக இறங்கியது. இத்தனை ஆண்டு விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தால் இறக்கம் இன்னும் பெரிது.

இரண்டாவது கவலை ஆழமானது. அறுவை மேசையில் நோயாளியின் தலைமாட்டில் யார் நிற்பது? அங்கே மயக்க மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இருக்கிறார்கள். மெடிகேர் விதிப்படி மருத்துவர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும். ஆனால் 2001-ல் வந்த ஒரு மாற்றத்தின்படி மாநில ஆளுநர் விரும்பினால் அந்த விதியிலிருந்து விலகிக்கொள்ளலாம். அந்த ஆண்டே முதலில் விலகியது அயோவா. 2009-ல் கலிபோர்னியாவும் விலகியது.

2016 மே மாதம் முன்னாள் படைவீரர் நலத்துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. அதன் மருத்துவமனைகளில் உயர்பயிற்சி பெற்ற செவிலியர்கள், மயக்கச் செவிலியர்களும் சேர்த்து, மருத்துவர் மேற்பார்வை இல்லாமலே பணிசெய்யலாம் என்பது திட்டம். கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 60 நாள் அவகாசம். மருத்துவர்கள் எழுதினார்கள், செவிலியர்கள் எழுதினார்கள், படைவீரர்களும் எழுதினார்கள். 2 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. டிசம்பரில் இறுதி விதி வந்தபோது மற்ற உயர்பயிற்சிச் செவிலியர்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. மயக்கச் செவிலியர் மட்டும் விடப்பட்டிருந்தனர். அதற்குத் துறை சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். செவிலியரின் திறமையில் அது குறை காணவில்லை. மயக்கவியல் சேவைக்கு அப்படியொரு தட்டுப்பாடு இல்லை என்றுதான் சொன்னது.

எனக்கு இந்த நிகழ்வு முக்கியமாகப் படுகிறது. பரிந்துபேசல் என்ற சொல்லுக்கு உரைகல்லே இதுதான். எழுதியவர்கள் ஒளிந்து எழுதவில்லை. எவரும் எடுத்துப் படிக்கலாம். எதிர்த்தரப்பும் அதே இடத்தில் எழுதியது. செவிலியர் சங்கமும் தன் துறைக்காகப் பரிந்துதான் பேசியது, அதையும் இதே சொல்லால்தான் அழைக்க வேண்டும். நமக்குப் பிடித்த தரப்பு பேசினால் பரிந்துபேசல், மற்றவர் பேசினால் லாபி என்று சொன்னால் அது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

லாபியைத் தொட்டுவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். அதன் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது, இலை என்ற சொல்லுக்கு உறவு. இலைதழை வேய்ந்த பந்தல்தான் முதல் லாபி! அப்புறம் மடாலயங்களில் கூரை போட்ட நடைபாதைக்கு அந்தப் பெயர் போனது. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பொதுமக்கள் உறுப்பினரைச் சந்திக்கும் கூடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் அதுவே, உறுப்பினரைச் சந்தித்து ஆதரவு தேடுவது என்ற பொருளில், வினைச்சொல்லானது. வாஷிங்டன் ஓட்டல் கூடத்தில் அதிபர் கிராண்ட் உட்கார்ந்திருக்க, அவரை மொய்த்தவர்களால் பிறந்த சொல் என்று ஒரு கதை சொல்வார்கள். கிராண்ட் பதவிக்கு வந்தது 1869-ல்; சொல் அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே புழக்கத்தில் இருந்தது. நம் மக்களவையிலும் வாக்கெடுப்புக்கு முன் லாபிகளைக் காலி செய்யச் சொல்கிறார் அவைத்தலைவர். அங்கே லாபி வெறும் கூடம்தான். ஆனால் தமிழ்ச் செய்திகளில் 'லாபி செய்தார்' என்றால் சீட்டுக்கோ பதவிக்கோ பின்வாசல் வழியாகப் போனார் என்றே படிக்கிறோம். அமெரிக்காவில் அது பதிவு செய்துகொண்டு, செலவுக் கணக்குக் காட்டிச் செய்யும் தொழில். 1995-ல் அதற்கென்றே ஒரு வெளிப்படைச் சட்டம் வந்தது. அந்தப் பொருளில் 'ஆதரவு திரட்டல்' என்று எழுதினால் போதும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைக் கலக்கவே கூடாது. 'பேக்' (PAC) என்ற மூன்றெழுத்துச் சுருக்கம். 'அரசியல் நடவடிக்கைக் குழு' என்று சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுகிறார்கள். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தொழிற்சங்கங்கள் தேர்தலுக்குப் பணம் தருவதை 1943-ல் சட்டம் தடுத்தது. அப்போது ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பு உறுப்பினரிடமே தனியாக நிதி திரட்டத் தொடங்கியதுதான் இதன் பிறப்பு. மருத்துவர்களின் பொதுச் சங்கம் 1961-ல் அதே வழிக்கு வந்தது. சங்கத்தின் சொந்தப் பணத்தை வேட்பாளருக்குக் கொடுக்க முடியாது. உறுப்பினர் தாமாக விரும்பிக் கொடுத்ததைத்தான் கொடுக்கலாம். ஒருவர் இப்படியொரு குழுவுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தரலாம். குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை தரலாம். எனவே இதைத் 'தேர்தல் நிதிக்குழு' என்றே சொல்வோம். பணம் எங்கே புழங்குகிறதோ அங்கே சொல்லிலும் பணம் தெரிய வேண்டும். ஒரு மருத்துவர் தன் துறைக்காக நிதி தருவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதைப் பரிவு என்ற பெயரில் மூடிவைப்பதில் மறுப்பு உண்டு.

தமிழில் இதற்கெல்லாம் மூத்த சொல் ஒன்று இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஊர்ச்சபையில் 'மன்றாடுவதற்கு' யார் தகுதியுள்ளவர் என்று விதிக்கிறது. மன்றாடுதல் என்றால் மன்றில் நின்று காரியம் பேசுதல். சபையில் எல்லாவற்றுக்கும் 'அன்று, அன்று' (அல்ல, அல்ல) என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம் என்றும் அதில் இருக்கிறது. உரிமையோடு நின்று பேசிய அந்தச் சொல் எப்போதோ காலில் விழுந்து கெஞ்சுவதாக மாறிவிட்டது. எனக்கு அதை மீட்க ஆசைதான். ஆனால் "மருத்துவர்கள் செனட்டர்களிடம் மன்றாடினார்கள்" என்று எழுதினால் இன்று யாருக்கும் கைகூப்பிய கூட்டம்தான் கண்ணில் தெரியும்.

அதனால் அட்வகசிக்குப் பரிந்துபேசல், அதைச் செய்பவருக்குப் பரிந்துபேசுநர். முதலில் தடுக்கிய வேண்டுகோளை இப்போது இப்படி எழுதலாம்: "நம் துறைக்காகப் பரிந்து பேசுகிறவர்களோடு நீங்களும் வந்து நில்லுங்கள்." லத்தீனில் இருந்த அந்த அழைப்பும், போய் நிற்பதும் இதில் அப்படியே இருக்கின்றன.