காத்தாடி சுவிட்சுக்குள் ஒரு குட்டி மின்னல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டு டாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த ஓர் அக்கா போன வாரம் கேட்டார்: "காத்தாடி சுவிட்சைப் போட்டா சர்ருன்னு சத்தம் வருது தம்பி. சுத்துது, நிக்குது, மறுபடி சுத்துது. மாமியார் பல்லி சொல்லுதுங்கிறாங்க. பல்லியா, சுவிட்சா?"

பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே உண்டு. சுவிட்சுப் பெட்டிக்குள்ளிருந்து சொன்னால் என்ன என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். எழுதியிருந்தால் 'கரிந்த வாடை' என்று போட்டிருக்க வேண்டும்.

மாற்றுகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். காத்தாடி சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, லைவ் வயர், அதாவது மின்சாரம் வரும் கம்பி, அதுவரை வந்து காத்திருக்கும். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி). புதிய வயரிங்கில் பழுப்பும் நீலமும். ஆனால் சுவிட்சுக்குள் தெரியும் கறுப்பை நம்பாதீர்கள், அது காத்தாடிக்குப் போகும் லைவாக இருக்கலாம். இதற்கெல்லாம் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுவதே சரி. அக்காவும் கூப்பிட்டார். பத்து நிமிட வேலை. பழைய சுவிட்சை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலைந்து செத்த எறும்புகள், மிளகளவு இரண்டு உலோகப் பொட்டுகள். சுவிட்சைப் போட்டால் ஒன்றையொன்று தொடுபவை அவைதான். ஒன்றில் அம்மைத் தழும்பு போல ஒரு குழி. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி. காத்தாடி சுமார் 70 வாட். நம் ஊர் 230 வோல்ட்டில் அது இழுப்பது 0.3 ஆம்பியர்தான். சுவிட்சோ 10 ஆம்பியர் தாங்கும். பிறகு ஏன் கரிந்தது?

அணைக்கும் கணத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பொட்டுகள் பிரியும்போது கடைசியாக ஒட்டியிருக்கும் ஒரு நுனி வழியாக மொத்த மின்னோட்டமும் பாய்கிறது. அந்த நுனி உருகி ஆவியாகிறது. காத்தாடிக்குள் இருப்பது கம்பிச் சுருள்; செம்பனைக் குலை ஏற்றிய லாரி பிரேக் போட்டதும் நிற்காதது போல, சுருளில் ஓடும் மின்னோட்டமும் சட்டென்று நிற்காது. இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் ஒரு நீலப் பொறி. அதுதான் அந்தச் 'சர்ர்'.

நல்ல வேளையாக நம்முடையது மாறுதிசை மின்சாரம். விநாடிக்கு 50 சுழற்சி என்றால், மின்னோட்டம் 100 தடவை சுழியத்தைத் தொடும். பத்து மில்லி விநாடிக்கு ஒரு முறை பொறி தானாகச் சாகும். ஆனால் சுருள் இருப்பதால் மின்னோட்டம் சுழியமாகும் நேரத்தில் மின்னழுத்தம் சுழியமாக இருக்காது. அதற்குள் பொட்டுகள் போதுமான தூரம் விலகியிருக்காவிட்டால் செத்த பொறி மறுபடி பிழைத்துக்கொள்ளும்.

ஆக வேகம்தான் எல்லாம், அதுவும் நம் விரலின் வேகத்தை நம்பாத வேகம். 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் அதற்கு வழி கண்டார். அவர் காலத்து மின்சாரம் நேர்திசை. சுழியமே தொடாது, பொறி தானாகச் சாகாது. பிள்ளைகள் தலையில் குத்தும் டிக்-டாக் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிவரை அழுத்தினால் முரண்டு பிடிக்கும், பாதியைத் தாண்டியதும் 'டிக்' என்று தானே மறுபக்கம் பாயும். சுவிட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் அப்படித்தான். விரலின் வேலை பாதிவழியோடு சரி. மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். பள்ளியில் ஃபாரடேயைப் படித்தோம், நியாயம்தான். தினமும் விரல் வைக்கிற பொருளைச் செய்தவர் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

அக்கா வீட்டில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கொஞ்சம் தின்ன, தொடுகை மோசமாகி, சுவிட்சைப் போட்டிருக்கும்போதே விட்டு விட்டுப் பொறி பறந்து, அங்கேயே சூடும் பிறந்தது. அந்த இடத்தில் 10 வோல்ட் விழுந்தால் போதும், 0.3 ஆம்பியருக்கு 3 வாட். மிளகளவு இடத்துக்கு அது அதிகம்.

"சின்னவன் ஏதாவது நோண்டுவானா?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சுவிட்சைப் பாதியில் பிடித்து நீலப் பொறி பார்ப்பானாம். புதிய சுவிட்சில் ஒன்றும் தெரியவில்லை என்று இப்போது அவனுக்குக் கோபம்.