நின்றது போதும், கொஞ்சம் குனிந்து காட்டுங்கள்

"நேரா நில்லுங்க" என்று சொன்ன நொடியிலேயே, உடம்பு நிற்கும் நிலையைப் பார்க்கும் சோதனை பாதி கெட்டுவிடுகிறது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வயிற்றை எக்காதவர், நெஞ்சை நிமிர்த்தாதவர் யார்? அதனால்தான் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையைக் கற்பிக்கும் அனுபவமுள்ள ஆசிரியர், புதிதாக வருபவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டாரா, எந்தக் காலில் நின்றார், பையைக் கீழே வைக்க முதுகை வளைத்தாரா, முழங்காலை மடக்கினாரா? இவை யாரும் நடிக்காத அசைவுகள்.

முறையான பார்வை அதற்குப் பிறகுதான். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் அளவுகோல், கொத்தனார் கையில் இருக்கும் அதே தூக்குக்குண்டு. நூல் காதோரம் தொடங்கி, தோள்பட்டையின் நடுவே இறங்கி, இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னால், முழங்கால் மூட்டுக்குச் சற்று முன்னால், கணுக்கால் மூட்டுக்கும் சற்று முன்னால் போக வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இந்தச் 'சற்று'களில்தான் இயற்பியல் இருக்கிறது. எடை இடுப்பு மூட்டுக்குப் பின்னால் இறங்குவதால் உடம்பு பின்பக்கம் சாயப் பார்க்கும். மூட்டின் முன்புறம் இருக்கும் தடித்த இணைப்பு நார்கள் அதைத் தடுத்து நிறுத்தும். முழங்காலில் இதே வேலையைப் பின்புற நார்கள் செய்கின்றன. இரண்டு இடத்திலும் தசைக்குப் பெரிய செலவில்லை. கணுக்காலுக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு முன்னே சாயச் சாய, கெண்டைக்கால் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

நூல் அழகானதுதான். ஆனால் பார்க்கும் கண்ணை எவ்வளவு நம்பலாம்? 2003இல் 'ஸ்பைன்' இதழில் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் அடங்கிய 28 பேரிடம் பலரின் படங்களைக் கொடுத்து, கழுத்திலும் கீழ்முதுகிலும் வளைவு அதிகமா, குறைவா, இயல்பா என்று கேட்டார்கள். ஒருவரே இரண்டாம் முறை பார்த்தபோது அவருடைய பதில்கள் ஓரளவுதான் பொருந்தின. ஒருவர் பதிலும் இன்னொருவர் பதிலும் ஒத்துப்போனது மிகக் குறைவு. படித்துத் தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை.

இடுப்பெலும்பின் சாய்வு இன்னும் வம்பான விஷயம். முன்பக்கம் துருத்தும் எலும்புமுனை பின்பக்க முனையைவிடத் தாழ்ந்திருந்தால் இடுப்பு முன்சாய்ந்திருக்கிறது என்பார்கள். அதைக் குறை என்று சொல்லித் திருத்தப் புறப்படுகிறவர்களும் உண்டு. வலி எதுவும் இல்லாத 120 பேரை அளந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களில் 85 சதவீதம், பெண்களில் 75 சதவீதம் பேருக்கு இந்த முன்சாய்வு இருந்தது. அதற்கு முன்பே, 2008இல், இறந்தவர்களின் 30 இடுப்பெலும்புகளை ஒரே நிலையில் பொருத்தி அளந்தபோது, முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைப்பட்ட கோணம் 0 முதல் 23 பாகை வரை வேறுபட்டது. அங்கே தசையும் இல்லை, பழக்கமும் இல்லை; எலும்பின் வார்ப்பே அப்படி. இதைத் தெரிந்துகொண்டு ஒருவரிடம் "உங்க இடுப்பு சாஞ்சிருக்கு, அதான் வலி" என்று சொல்வது, என்னைக் கேட்டால், துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். பிலாட்டீஸ் முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸே முதுகு தட்டையாக இருக்க வேண்டும் என்ற கருத்துடையவர். இன்றைய ஆசிரியர்களில் பெரும்பாலோர் இயல்பான வளைவைக் காப்பாற்றச் சொல்கிறார்கள்.

ஆகவே நிற்கும் கோலம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். விசாரணை அசைவில்தான் நடக்கும்.

'ரோல் டவுன்' என்பதை எடுத்துக்கொள்வோம். தலையில் தொடங்கி, முள்ளெலும்பு முள்ளெலும்பாகச் சுருண்டு கீழே இறங்குவது. செய்யச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: எலும்பு வலுவிழந்து எளிதில் உடையும் நோய் இருக்கிறதா? மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழந்த பெண்களிடம் நடந்த ஆய்வு 1984இல் வெளியானது. முன்வளையும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கல் ஏற்பட்டிருந்தது. பின்வளையும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான். ஆனாலும் அப்படிப்பட்டவரைச் சோதனைக்காகக்கூடச் சுருளச் சொல்லக் கூடாது.

பிரச்சினை இல்லாதவர் குனியும்போது ஆசிரியர் பின்னால் நிற்கிறார். தோலுக்கடியில் முள்ளெலும்பு முனைகள் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். பலருக்கு மேல்முதுகு நன்றாக வளையும், கீழ்முதுகில் ஒரு பகுதி மட்டும் பலகையாக அப்படியே இறங்கும். முழுதாகக் குனிந்தபின் முதுகின் ஒரு பக்க விலா மேடாக எழுந்து நின்றால் அது வேறு கதை. பக்கவாட்டு வளைவோடு முள்ளெலும்புகள் திருகியும் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்த சோதனை இது. இன்றும் பள்ளிப் பிள்ளைகளிடம் பயன்படுகிறது. மேடு தெரிந்தால் ஆசிரியரின் வேலை பெயர் சூட்டுவதல்ல, எலும்பு மருத்துவரிடம் அனுப்புவது.

விரல் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். குற்றவாளி தொடையின் பின்தசையா, முதுகா? முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி மறுபடி குனிய வைக்கிறார். பின்தொடைத் தசை இடுப்பு மூட்டையும் முழங்காலையும் தாண்டிப் போவதால் முழங்கால் மடங்கியதும் அது தளர்ந்துவிடும். இப்போது இடுப்பு எளிதாகச் சுழன்று கை கீழே போனால் தசைதான் காரணம். கீழ்முதுகு அப்போதும் தட்டையாகவே இருந்தால், கையும் முழங்காலும் தரையில் ஊன்றி முதுகை மேலே வளைக்கச் சொல்கிறார். அங்கே வளைகிறதா? அப்படியானால் மூட்டு இறுகவில்லை. நிற்கும்போது வளைய உடம்பு தயங்குகிறது. பழைய முதுகுவலியின் பயமாகவும் இருக்கலாம். மூட்டு இறுக்கத்துக்கும் இந்தத் தயக்கத்துக்கும் கொடுக்கிற பயிற்சி வேறு.

கையைத் தலைக்கு மேல் தூக்குவதிலும் இதே வழிதான். தூக்கும்போது விலா முன்னே துருத்தி கீழ்முதுகு குழிந்தால், முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்க வைத்துச் செய்யச் சொல்வார். விலா எழாமல் கை தரையைத் தொட்டால் தோளில் குறையில்லை, கட்டுப்பாட்டில்தான். தொடாவிட்டால் தோளையோ, கீழ்முதுகிலிருந்து மேற்கை வரை ஓடும் அகன்ற முதுகுத் தசையையோ பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், தூக்கிய கால் பக்கம் இடுப்பு தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். தொங்கினால் பெரும்பாலும் ஊன்றிய பக்கத்துப் பக்கவாட்டு இடுப்புத் தசை பலவீனம்.

வகுப்பு முடிந்ததும் மறுபடி குனியச் சொல்லி, "பாருங்க, எவ்வளவு இறங்கிருச்சு!" என்று காட்டும் வழக்கம் உண்டு. மகிழ்ச்சிதான், ஆனால் அதைச் சான்றாக எடுக்க முடியாது. உடம்பு சூடானாலே, இரண்டாம் முறை செய்தாலே யாருக்கும் கொஞ்சம் இறங்கும். ஒப்பிட வேண்டியது அடுத்தடுத்த வாரங்களில் வகுப்பு தொடங்கும் முன் எடுத்த பதிவுகளை. அதற்கும் செல்போனை ஒரே இடத்தில், இடுப்பு உயரத்தில், ஸ்டாண்டில் நிறுத்தி வைக்க வேண்டும். கையில் பிடித்து லேசாகச் சாய்த்து எடுத்த படத்தில் சமமான தோளும் கோணலாகத்தான் தெரியும்.