ஒரு தாழம்பூவும் பத்துக் கண்ணேயும்

"கண்ணே என்று தொடங்கும், சரணத்தில் தாழம்பூ வரும். மெட்டு நினைவிருக்கிறது, படம் தெரியவில்லை. கூகுளில் எப்படித் தேடுவது?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். தேட வேண்டிய சொல் கேள்வியிலேயே இருக்கிறது: தாழம்பூ. கண்ணேயை விட்டுவிடலாம்.

தேடுபொறி நாம் கேட்ட பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். இரண்டு சொல் கொடுத்தால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவை மேலே வரும். பள்ளியில் படித்த வெட்டுக்கணம்தான்.

அழகு அடுத்த படியில் இருக்கிறது. அரிய சொல்லுக்கு அதிக எடை என்பது 1972-இல் பிரிட்டனின் கணினி அறிவியலாளர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்த யோசனை. மொத்தக் குவியலை எத்தனை முறை பாதியாக்கினால் அந்தச் சொல் வரும் பாட்டுகளின் எண்ணிக்கைக்கு வருகிறோமோ, அதுவே எடை. ஒரு தொகுப்பில் 10,000 பாட்டு என்று வைத்துக்கொள்வோம். கண்ணே 5,000 பாட்டில் வந்தால் குவியல் ஒருமுறை பாதியாகிறது, எடை 1. தாழம்பூ 10 பாட்டில்தான் வருகிறதா? 5,000, 2,500, 1,250 என்று பாதி பாதியாக இறங்கினால் பத்தாவது படியில்தான் 10-க்கு வந்து சேர்வோம். எடை ஏறக்குறைய 10. ஒரு தாழம்பூ பத்துக் கண்ணேக்குச் சமம்! இந்தப் பாதியாக்கும் கணக்குதான் மடக்கை (logarithm). அது எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

சிக்கல் எழுத்துக்கூட்டலில். பாடல் வரிகள் பல தளங்களில் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. தாழம்பூவின் 'த'வில் எச் உண்டா இல்லையா, 'ஆ'வுக்கு ஒரு ஏயா இரண்டா, 'ழ'வுக்கு zh-ஆ l-ஆ, 'பூ'வில் p-யா b-யா, கடைசியில் யூவா இரண்டு ஓவா? ஐந்து இடத்தில் இரண்டிரண்டு வழி என்றால் 32 வடிவம். கூகுள் சிலவற்றைத் தானே சேர்த்துப் பார்க்கும், எல்லாவற்றையும் அல்ல. தமிழ் எழுத்திலும் தொல்லை உண்டு: 'மல்லிகைப்பூ' ஒரு சொல், 'மல்லிகை பூ' இரண்டு, 'வைத்து' வேறு, 'வச்சு' வேறு.

ஆகவே முதலில் அரிய சொற்கள் இரண்டு மூன்றை மேற்கோள்குறி இல்லாமல், 'பாடல் வரிகள்' சேர்த்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதையே ஆங்கில எழுத்தில். மேற்கோள்குறி, அடுத்தடுத்த மூன்று நான்கு சொல் உறுதியாகத் தெரிந்தால் மட்டும்; அதற்குள் ஓர் எழுத்து பிசகினாலும் பாட்டு அகப்படாது. ல-ள-ழ, ர-ற மாற்றிப் பாருங்கள். ஒரு தளத்தின் பிழையை இன்னொரு தளம் அப்படியே நகலெடுப்பதால், சில சமயம் தப்பாக எழுதினால்தான் கிடைக்கும்!

தியேட்டர் வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்களை வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு மின்மயமாக்கிவிட்டோம் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எழுத்தாக மாறாத வரை அவை சொல்லடைவில் ஏறா. தட்டச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் காசு ஒதுக்க வேண்டும்.

மெட்டு நினைவிருப்பவருக்கு இன்னொரு வழி: 2020 முதல் கூகுள் செயலியில் 10–15 நொடி முனகித் தேடலாம். சுருதி மாறினாலும் பரவாயில்லை. அது பார்ப்பது ஏற்ற இறக்கத்தை.