கிராபிக்ஸ் கார்டு: பெட்டியில் போட்டிருக்கும் ஜி.பி.யை மட்டும் பார்க்காதீர்கள்

மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண வருபவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை ஜி.பி. கார்டு?" என்றுதான். அது கார்டில் உள்ள மெமரியின் அளவு; கார்டின் வேகத்தை அந்த எண் சொல்லாது. டிடிஆர்3 என்ற பழைய வகை மெமரி உள்ள 64 பிட் ஜிடி 730 கார்டில் நொடிக்கு 14.4 ஜி.பி. தரவுதான் போய்வரும். ஜிடிஎக்ஸ் 1650-ல் அது குறைந்தது 128 ஜி.பி. ஆனால் இரண்டு பெட்டியிலும் 4 ஜி.பி. என்றே போட்டிருக்கும்.

வேலையைச் சொல்லிக் கார்டு கேளுங்கள். கே.கே. நகர் பக்கம் வீட்டுப் பிளான் போடும் அலுவலகத்துக்கு ஆட்டோகேட் 2டி மட்டும் என்றால் பெரிய கார்டு வீண் செலவு. அந்த வேலை பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோரில்தான் ஓடுகிறது. அந்தப் பணத்தை வேகமான பிராசஸரிலும் 16 ஜி.பி. ரேமிலும் போடுங்கள். லூமியான், என்ஸ்கேப் போன்ற 3டி மென்பொருளில் வாக்த்ரூ (கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போன்ற வீடியோ) செய்பவர்களுக்குக் கேமிங் கார்டே பொருந்தும். அங்கே மரம், புல், டைல்ஸ் டெக்ஸ்சர் எல்லாம் கார்டின் மெமரியில் ஏறுவதால் ஜி.பி.க்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. கேமில் ஆர்டிஎக்ஸ் 4060 வேகம்தான். ஆனால் கனமான சீனுக்கு 12 ஜி.பி. உள்ள ஆர்டிஎக்ஸ் 3060-ஐயே பரிந்துரைப்போம்.

கப்பலூர் சிட்கோ பட்டறைகளில் இயந்திர பாகங்களை 3டி-யில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கதை வேறு. ஜிஃபோர்ஸ் எனும் கேமிங் கார்டில், மாடலை நிஜப் பொருள்போலக் காட்டும் ரியல்வியூ வசதி வராது. அதற்குச் சான்று பெற்ற ஆர்டிஎக்ஸ் ஏ2000 போன்ற கார்டு வேண்டும். அது 70 வாட்தான் இழுக்கும், தனி பவர் கேபிளும் வேண்டாம்.

கார்டைவிட அதிகம் கோட்டை விடுவது பவரில். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும்; 170 வாட் இழுக்கும் 3060-க்கு மீதி 8 பின் கேபிளில் வர வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) அந்தக் கேபிள் இல்லையென்று, பழைய ஹார்ட் டிஸ்குக்கான மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து எடுக்கும் கன்வெர்ட்டர் மாட்டிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 8 பின்னில் 150 வாட், அதாவது 12.5 ஆம்பியரை, மூன்று மஞ்சள் கம்பிகள் பங்கிட்டுக்கொள்ளும். மோலெக்ஸில் இருப்பது ஒரே மஞ்சள் கம்பி. கேம் நடுவில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். கழற்றிப் பார்த்தால் கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சள் கம்பி நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறி இளகியிருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் தரத்தில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டுவிடுங்கள்.

யூபிஎஸ்ஸும் இதே கணக்குதான். 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் கூடவே சிஸ்டமும் அணையும். 1000 விஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டில் காற்று நுழைய வழியில்லாமல் கார்டு 83 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்னால் வலை போட்ட கேபினெட் நல்லது.

"புதுக் கார்டு போட்டும் கேம் திக்குது" என்றால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அது மதர்போர்டின் எச்டிஎம்ஐ-யில் சொருகியிருந்தால் கார்டு சும்மா இருக்கும். கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் போர்ட்டில் மாற்றிச் சொருகுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கடையிலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓடவிடுங்கள். கார்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றிய போலிக் கார்டுகள் பலவற்றை அது பெயருக்கு முன்னாலேயே [FAKE] என்று போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அரை மணி நேரம் லோடு கொடுத்து, திரையில் கோடு, புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பர் கார்டின் ஸ்டிக்கரோடு ஒத்துப்போன பிறகே பணம் கொடுங்கள். இல்லையென்றால் வாரண்டி கிடைக்காது.