வேம்பு நின்ற இடத்தில் விறாந்தை

எங்கள் வளவில் நின்ற வேம்பைத் தறித்து, அடிக்கட்டையை மண்ணோடு மட்டமாக அறுத்துவிட்டு, அதன் மேலேயே விறாந்தைக்குக் கொங்கிறீட் போட்டோம். நாலாவது மாரி முடிந்தபோது தூணடியிலிருந்து வாசல் வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. தட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெறும் பானைபோல் ஒலித்தது. உடைத்துப் பார்த்தோம். கட்டையின் பெரும்பகுதியைக் காணவில்லை. முழங்கை வரை உள்ளே போகிற ஒரு குழியும், அதன் அடியில் தேயிலைச் சக்கைபோல் கபில நிறத் தூளும்தான் கிடந்தன.

மரத்தை இப்படி உக்க வைப்பவை பூஞ்சணங்கள். அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எந்நேரமும் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரம் நெடுங்காலம் கெடாமல் இருப்பது அங்கே காற்று குறைவு என்பதால்தான். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இரண்டுமே கிடைக்கின்றன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மண் நனைகிறது; நீர் சீக்கிரமே கீழே இறங்க, மண்துளைகளில் காற்று நிறைகிறது. மேலே கொங்கிறீட் மூடியிருப்பதால் வெயில் படாமல் ஈரமும் நெடுநாள் தங்கும். போதாததற்குக் கறையானும் வந்து சேரும். உக்கிய வேர்தான் அதற்கு வழி. அங்கிருந்து மெல்லிய வெடிப்பு ஒன்று கிடைத்தாலே கதவு நிலை வரை ஏறிவிடும்.

சரி, மண்ணுக்குள் ஒரு வெற்றிடம் இருந்தால் என்ன? கொங்கிறீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். கீழே இறுகிய மண் இருக்கும்வரை தளம் பாரத்தை மண்ணுக்குக் கடத்துகிறது. மண் இல்லாத இடத்தில் அதே தளம் ஒரு பாலமாகிவிடுகிறது. மேலே பாரம் ஏற, அது மெல்ல வளைகிறது. மேற்பக்கம் நெரிபட, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. வெடிப்பு கீழிருந்துதான் தொடங்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது அது முழுத் தடிப்பையும் கடந்து வந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒரு சங்கதி உண்டு. செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். பல இடங்களில் மண்ணின் ஆழம் மிகக் குறைவு. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறு அப்படி உருவானதுதான். வேர்கள் பக்கவாட்டில் பரவி, இடுக்குக் கிடைத்த இடத்தில் கீழே இறங்கும். அந்த வேர் உக்கிப் போனால் மிஞ்சுவது ஒரு குழாய். கூரையிலிருந்து விழும் மழைநீர் அதற்குள் பாய்ந்து, சுற்றியுள்ள மண்ணையும் கல்லிடுக்குக்குள் அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் சில குழிகள், வேர் இருந்த அளவைவிடப் பெரிதாக இருக்கின்றன.

தென்னையும் பனையும் வேறு மாதிரி. அவற்றின் வேர்கள் நார்வேர்கள். வேம்பு வேர்போல் வருடா வருடம் பருக்காது. ஆனால் அடிக்கிழங்கு பெரிது, அதை எடுத்தே ஆகவேண்டும். வேம்பும் பூவரசும் தறித்த பிறகும் துளிர்க்கும். உயிரோடு இருக்கும் வேர் பருத்தால் மெல்லிய தளத்தைத் தூக்கியே விடும்.

வேர் கிளப்பப் போகிறீர்கள் என்றால் மரத்தை அடியோடு அறுக்காதீர்கள். நெஞ்சுயரம் தண்டை விட்டுவைத்தால் அதுவே நெம்புகோல். பக்கவேர்களை வெட்டிவிட்டுத் தண்டை ஆட்டினால் கட்டை கழன்று வரும். பெருவிரலை விடப் பருத்த வேர்களை விடாமல் பின்தொடர்ந்து எடுப்பது என் வழக்கம். அத்திவாரத்துக்குக் கிட்ட மட்டும் உழவு இயந்திரத்தால் கட்டி இழுக்கவே கூடாது. பழைய வீடுகளின் அத்திவாரம் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கல்; வேர் அந்த இடுக்குகளுக்குள் போயிருந்தால் கல்லும் சேர்ந்து வரும். அங்கே வாளால் அறுத்து நிறுத்துங்கள். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே கிண்டவும் வேண்டாம்.

கிண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடினால் அது இன்னொரு வெற்றிடத்துக்குச் சமம். கிறவல் அல்லது உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் 15 சென்ரிமீற்றர் படையாகப் போட்டு, நனைத்து, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்க வேண்டும். நேரம் இருந்தால் ஒரு மாரி பார்த்துவிட்டுக் கொங்கிறீட் போடுவது இன்னும் நல்லது.

கட்டையில் துளையிட்டு உப்பைக் கொட்டினால் தானாகச் செத்துவிடும் என்று அயலில் ஒருவர் சொன்னார். உப்பிலுள்ள குளோரைட்டு ஈரத்தோடு கொங்கிறீட்டுக்குள் ஊறினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். அதைவிடப் பெரிய பயம் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் எதுவும் வடிபடாமல் நிலத்தடி நீரைச் சேரும், அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கழிவெண்ணெய் ஊற்றுவதும் அப்படியே. நாங்கள் அலவாங்கோடு இரண்டு நாள் மினக்கெட்டோம். கடைசியாகக் கிளப்பிய வேர் கிணற்றுப் பக்கமாகத்தான் போயிருந்தது.