ஆப்பைத் தட்டினால் மூன்றாகும் துப்பாக்கி

அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வரைப் பிரிக்கத் திருப்புளி தேவையில்லை. குழலின் பக்கவாட்டில் செருகியிருக்கும் சிறு ஆப்பைத் தட்டித் தள்ளினால் போதும். முதலில் குழல் கழன்று வரும், அடுத்து ஆறு அறைகள் கொண்ட உருளை வரும். கையில் மிஞ்சுவது பிடியும் விசையும் சுத்தியும் உள்ள உடல். அந்த உடலில் இருந்து முன்னோக்கி நீளும் தடித்த அச்சுத்தண்டுதான் மூன்றையும் கோத்து நிறுத்துகிறது.

உலோக உறையுள்ள தோட்டா பரவுவதற்கு முந்தைய காலக் கருவி இது. ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் திணிப்பார்கள். பின்பக்கக் காம்பில் செம்புத் தொப்பி ஒன்றை மாட்டுவார்கள். சுத்தி விழுந்ததும் அந்தத் தொப்பி நம் ஊர்ப் பொட்டு வெடி போலப் படாரென்று வெடித்து உள்ளே பொறியை அனுப்பும்.

இவ்வளவு சுலபமாகப் பிரிவதைப் பார்த்தால், ஒன்றின் குழலை இன்னொன்றின் உடலில் மாட்டலாமே என்று யாருக்கும் தோன்றும். நகல் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கு இது தீராத கேள்வி. இதற்கு விடை தேடினால் 19ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைக்குள் போக வேண்டியிருக்கிறது.

கோல்ட்டின் 1851 நேவி மாடல் 36 காலிபர், அதாவது குழலின் துளை ஏறத்தாழ அங்குலத்தில் நூறில் 36 பங்கு. அவருடைய பழைய 44 காலிபர் டிராகூன் கிட்டத்தட்ட 1.9 கிலோ எடை. இடுப்பில் சுமக்கவே முடியாமல் சேணத்தில் மாட்டினார்கள். 1860இல் வந்த ஆர்மி மாடலும் 44 காலிபர்தான், எடையோ ஏறத்தாழ 1.2 கிலோ. அங்கே செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நேவியின் உடலையே எடுத்துக்கொண்டு, உருளையின் பின்பாதியை நேவி அளவிலேயே விட்டு, முன்பாதியை மட்டும் பருக்க வைத்தார்கள். பருத்த பகுதி உட்கார உடலில் ஒரு படி வெட்டினார்கள். சுத்தி, விசை, உருளையைச் சுழற்றும் நெம்புக்கை எல்லாம் அதே ஏற்பாடுதான். படி இல்லாத நேவி உடலில் ஆர்மி உருளை ஏறாது என்பதும் இதனால்தான்.

அப்படியானால் ஒரே மாடலில் இரண்டை எடுத்துப் பாகங்களை மாற்றினால் பொருந்தியிருக்குமா? அசல் கோல்ட்டைப் பிரித்துப் பார்த்தால் குழல், உடல், உருளை, விசைக்காப்பு எனப் பல பாகங்களில் ஒரே வரிசை எண் பொறித்திருக்கும். இயந்திரம் தோராயமாக வடித்த பாகங்களை, உலோகம் மென்மையாக இருக்கும்போதே ஃபிட்டர்கள் அரத்தால் தேய்த்துப் பொருத்தினார்கள். பிறகு கழற்றி, சூடேற்றிக் கடினப்படுத்தினார்கள். அந்தக் குவியலில் ஜோடி மாறிவிடக் கூடாதே என்றுதான் எண். கோல்ட் துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று தங்குதடையின்றி மாறும் என்ற புகழுக்கு அந்த எண்ணே மறுசாட்சி.

இந்தத் தேய்ப்பு எதற்கு? சுத்தியை இழுக்கும்போது நெம்புக்கை உருளையை 60 பாகை சுழற்றும். அந்தக் கணத்தில் கீழிருந்து ஒரு தாழ் எழும்பி உருளையின் பள்ளத்தில் விழ வேண்டும். அறையின் மையம் அச்சில் இருந்து 13 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாகை பிசகினால் அறையும் குழலும் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விலகி நிற்கும். குண்டு குழலுக்குள் நுழையும்போது ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். ஓர் உடலுக்கென்று தேய்த்த நெம்புக்கை வேறோர் உருளையோடு ஒத்துப்போவது நிச்சயமில்லை.

நகல்களின் கதை 1950களின் இறுதியில் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வரவிருந்தது. அமெரிக்கர் வால் ஃபோர்ஜெட், இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியாவில் பழைய நேவி மாடலை மறுபடி செய்ய ஏற்பாடு செய்தார். நகல் செய்யும் உபெர்த்தி, பியெத்தா என்ற இரு நிறுவனங்களும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. இரண்டும் செய்வது ஒரே அசலின் நகல்கள்தான், ஆனாலும் ஒன்றின் பாகம் மற்றதில் நேராகப் போய் உட்காரும் என்று நம்ப முடியாது. இத்தாலியத் திருகுகளின் புரி மெட்ரிக் அளவு, அசலின் புரி அங்குல அளவு. அதனால் பழையதோடும் சேராது.

ஒரே நிறுவனத்துக்குள் நிலைமை வேறு. பியெத்தாவின் 44 காலிபர் நேவியும் 1860 ஆர்மியும் ஒரே படிவெட்டிய உடலில் அமைந்தவை. குழலை மாற்றிப் போடுபவர்கள் பலர். ஆனால் 44 காலிபர் நேவி என்று கோல்ட் ஒன்றை உற்பத்தி செய்து விற்றதே இல்லை. எண்கோணக் குழலும் பெரிய உருளையும் சேர்ந்த அந்தத் துப்பாக்கி நகல் காலத்தில் பிறந்தது. பித்தளை உடலோடு கூடிய 44 காலிபரும் அப்படியே. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்குப் போதிய எஃகு கிடைக்காததால், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் பட்டறை பித்தளை போன்ற செம்புக் கலவையில் உடல் வார்த்தது. ஆனால் 36 காலிபரோடு நின்றது. மென்மையான அந்த உடலில் 44இன் கனமான மருந்தை அடைத்தால் நாளடைவில் அச்சுத்தண்டு தளரும். பித்தளை உடல் வைத்திருப்பவர்கள் குழல் மாற்ற ஆசைப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குழல் மாற்றுபவர் முதலில் பார்க்க வேண்டியது அச்சுத்தண்டின் நுனி. அசல் கோல்ட்டில் அது குழலுக்குள் இருக்கும் துளையின் அடியைத் தொட்டு நிற்கும். உபெர்த்தி நகல்கள் பலவற்றில் நுனி எட்டாமல் நடுவே வெற்றிடம் இருக்கும். அப்போது ஆப்பை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவுக்குக் குழல் பின்னால் இழுபட்டு உருளையை நெருக்கும். சில அடிகளிலேயே உருளை இறுகிச் சுழல மறுக்கும்.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். உருளையை எடுத்துவிட்டு, குழலைச் சற்றுத் திருப்பிப் பிடித்து, அதன் அடிப்பகுதி உடலின் பக்கமாக விலகிப் போகும்படி அச்சுத்தண்டில் முழுவதும் தள்ள வேண்டும். தண்டு அடியைத் தொட்ட நிலையில் குழலின் அடிமுகம் உடலின் முகத்தோடு சமமாக நின்றால் நீளம் சரி. உடலின் முகத்தைத் தாண்டி உள்ளே போனால், தாண்டிய அளவுதான் தண்டின் குறை. அந்தக் கனத்துக்கு ஒரு எஃகுத் துண்டைத் தேய்த்துத் துளையின் அடியில் போடுவார்கள், பழைய ஃபிட்டர்களைப் போலவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் மாட்டிப் பார்த்து.