பிள்ளைக்கு ஒரு பயம், பெற்றவர்களுக்கு வேறு பயம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி கொஞ்சம் குழப்பமான மாதம். 15 வயது முதல் 18 நிறையாதவர்கள் வரை எல்லாருக்கும் அந்த மாதம் 3ஆம் தேதி நாடு முழுவதும் கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஊசி. இந்தப் பக்கம் கேரளத்தில், சிறுவர்களுக்கான மையங்களில் இளஞ்சிவப்பு போர்டு, பெரியவர்களுக்கு நீல போர்டு. வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனதும் பொள்ளாச்சி சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ் ஆடியோவும் ஒரே வீட்டுக்குள் வந்து முட்டிக்கொள்ளும்.

அந்த வீட்டில் கேள்விகளும் இரண்டு விதம். பிள்ளை கேட்பது: வலிக்குமா, காய்ச்சல் வந்தால் நாளைக்கு லீவு போடலாமா? அப்பா அம்மா கேட்பது: பத்து வருஷம் கழித்து ஏதாவது ஆகிவிட்டால்? பெண் பிள்ளையாயிற்றே, பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

பிள்ளையின் பயத்தை முதலில் பார்ப்போம். சிலருக்கு ஊசியைக் கண்டதும் இதயத் துடிப்பு திடீரென்று குறையும்; கால் பக்க ரத்தக் குழாய்கள் விரியும். ரத்தம் கீழே தங்கிவிட, மூளைக்குப் போவது குறைந்து ஆள் சரிந்துவிடுவார். வளரிளம் பருவத்தில் இது அதிகம். மருந்து உள்ளே போகும் முன்பே கூட நடக்கும். போட்ட பின் அரை மணி நேரம் உட்கார வைப்பதற்கு ஒவ்வாமை மட்டுமல்ல, இதுவும் காரணம்.

வரிசையில் ஒருவர் விழுந்தால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் தலைசுற்றல் வரலாம். 2014இல் கொலம்பியாவின் எல் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி தடுப்பூசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான சிறுமிகளுக்கு மயக்கமும் மரத்துப்போதலும் வந்தன. ஆராய்ந்ததில் தடுப்பூசியோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் அது நடிப்பு அல்ல. பதற்றம் உடம்பில் நிஜமான அறிகுறிகளை உண்டாக்கும்.

மறுநாள் வரும் காய்ச்சல் வேறு கதை. கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸ். அது பெருக முடியாது. ஆனாலும் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு எச்சரிக்கை வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. கைவலியும் காய்ச்சலும் அதனால் வருபவை.

பெற்றோரின் பயம் இன்னும் சிக்கலானது. 1990இல் இலானா ரிடோவ், ஜோனதன் பேரன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கற்பனைச் சூழலை வைத்துக் கேட்டார்கள்: ஒரு நோய் குழந்தைகளைக் கொல்கிறது, தடுப்பூசி காக்கும், ஆனால் அதுவே சில குழந்தைகளைக் கொல்லவும் கூடும். ஊசியின் ஆபத்து நோயின் ஆபத்தைவிடக் குறைவு என்றபோதும் பலர் வேண்டாம் என்றார்கள். நோயால் போனால் விதி. நான் கூட்டிப்போய்ப் போட்ட ஊசியால் போனால் என் கை செய்த பாவம். மனம் கணக்குப் போடுவது இப்படித்தான்.

கொரோனாவில் இந்தச் சாய்வு இன்னும் கூடியது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் கடுமையாக வரவில்லை என்பது உண்மை. தராசின் ஒரு தட்டு லேசானதும் மற்றத் தட்டில் சின்ன வதந்தி விழுந்தாலே கீழே இறங்கிவிடுகிறது. இதை அறியாமை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை விசாரிக்கும் தேசியக் குழு ஆராய்ந்து சொல்வதற்கு மாதங்கள் பிடித்தன. அதற்குள் அந்தச் செய்தி எத்தனை வீட்டுத் திண்ணைகளைத் தாண்டியிருக்கும்! லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போடும்போது, போட்ட மறுநாள் தற்செயலாக மாரடைப்பு வருபவர்களும் அவர்களில் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் முன்னே நடந்ததுதான் பின்னே நடந்ததற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

பிள்ளைகளும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. 2021இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் 27,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஒன்பது வயதினரில் 36 சதவீதம் போட்டுக்கொள்ளத் தயார்; பதினேழு வயதினரில் 78. தயங்கியவர்களிடம் தங்கள் பள்ளியோடு ஒட்டுதலும் குறைவாக இருந்தது.

எல்லைப்புறத்தில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். மலையாளத்தில் சரளமாகக் கேட்க வராத அம்மா, சிஸ்டரிடம் பாதிக் கேள்வியோடு தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். மீதிக் கேள்விக்குப் பதில் தேடி வாட்ஸ்அப்புக்குத்தான் போவார். ஊசி போடுமிடத்தில் தமிழ் பேசும் பள்ளி டீச்சர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அதை அங்கேயே கேட்டுவிடுவார்.